மண்டோர் அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தவன் எழுதுவது

தெய்வானை அக்கா தவறிவிட்டார் என்ற செய்தி காலை ஏழேகாலுக்கு எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களின் கைப்பேசிக் குழுவில் வந்தது. நான் நம்பவில்லை. துக்கத்தில் மனம் ஏற்க மறுத்தது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையாகவே நம்பவில்லை. சென்ற வருடம் இதே குழுவில் எஸ்டேட் கணக்கெழுதிய பழைய கிராணி இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முப்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். நான் தானா ராத்தா டவுனில் மாலை வாங்கிக்கொண்டு போய் நின்றால், கிராணி வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். மாலை யாருக்கு என்று அவரே என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து யார் செத்தாலும் நான் விசாரித்துவிட்டுத்தான் அழுவது.

அதனால் அக்காவின் மகள் சுமதிக்குப் போன் போட்டேன். அவள் எங்கள் லைனில் கீழ் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கிறாள். அம்மாவைப் பார்க்க முந்தின நாளே தானா ராத்தாவுக்குப் போயிருந்தாள். "ஆமா மாமா, அம்மா போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். "டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற என் மனைவி லெட்சுமி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "செத்த வீட்டுல போயி சாட்சி கேக்குறீங்களே, நீங்கல்லாம் மனுசனா?" என்றாள். பிறகு அவள் சுமதியோடு சேர்ந்து அழுதாள். எனக்கு அதற்கப்புறம்தான் செய்தி உறைத்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு சிறு மலர் போடுவதாகவும், அதில் அக்காவைப் பற்றி நான் எழுத வேண்டும் என்றும் கோயில் கமிட்டித் தலைவர் கேட்டார். "நீங்கதானே அண்ணே அவங்க கூட்டத்துல எதிர்லயே உட்கார்ந்திருந்தீங்க. நல்லபடியா எழுதிக் குடுங்க" என்றார். அந்த 'நல்லபடியா'வை அவர் ஏன் அழுத்திச் சொன்னார் என்று இரண்டு நாள் யோசித்தேன். அவருக்கு ஏதோ தெரியுமா, அல்லது எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறாரா என்று இன்னும் புரியவில்லை. எழுதிக் கொடுக்கிறேன். நல்லபடியா என்பதை நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

உங்களில் இளையவர்களுக்கு அக்காவை அந்தத் தண்ணீர்க் கூட்டங்களில்தான் தெரியும். எனக்கு அவரை மண்டோராகத் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்களை மேய்க்கும் வேலை. அந்தக் காலத்தில் நான் தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தேயிலையில் ஆளுக்கொரு நிரை. ஒரு நிரையில் கொழுந்து கொழித்துக் கிடக்கும். ரோட்டோர நிரையில் புழுதி படிந்து ஒன்றும் இருக்காது. சரிவில் இருக்கும் நிரையில் கால் வழுக்கும். விடிந்தால் இதில்தான் சண்டை. வேறு மண்டோர்கள் கத்துவார்கள். அக்கா கத்தியதே இல்லை. ஒரு நாள் லெட்சுமி, பக்கத்து நிரையில் நின்ற முனியம்மாவைக் காட்டி, "அவளுக்கு மட்டும் எப்பவும் நல்ல நிரை" என்று ஆரம்பித்திருக்கிறாள். அக்கா கேட்டாராம்: "அவ நிரையில என்னா கஷ்டம்னு முனியம்மா சொல்லுவா. அதைக் கேட்டு நீ எனக்குத் திருப்பிச் சொல்லு. அவ ஆமான்னு தலையாட்டினா நிரையை மாத்தித் தரேன்."

லெட்சுமி கேட்டிருக்கிறாள். அந்த நிரையின் நடுவில் அட்டைக்கடி, பாதியில் ஒரு பள்ளம், முதல் நாள் அதில் கூடையோடு விழுந்ததில் முனியம்மாவின் இடுப்பில் கன்றிப்போன காயம். இதையெல்லாம் தன் வாயால் சொல்லி முடித்தபோது லெட்சுமிக்கு நிரை வேண்டாமென்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் முனியம்மாவுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது, "மண்டோரு உன்னை நல்லா ஏமாத்திட்டா, நல்ல நிரை போச்சு பாரு" என்றுதான் நான் சொன்னேன். இனிப்பாகப் பேசுகிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்காது.

தண்ணீர்ச் சண்டை வந்தது மூன்று வருடங்களுக்கு முன்பு. எங்கள் லைனுக்கு மேலே மலையிலிருந்து வரும் ஓடைதான் எங்களுக்கும் தண்ணீர், எங்களுக்கு மேலே சரிவில் காய்கறி போடுகிறவர்களுக்கும் தண்ணீர். அவர்களும் நம் ஆட்கள்தான். ஒரு காலத்தில் இதே லைனில் இருந்து, எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு கோபிசும் தக்காளியும் போடப் போனவர்கள். முனியம்மாவின் மகன் செல்வம் அவர்களுக்குத் தலைவன் மாதிரி. அந்த வருடம் மழை தவறியது. ஓடை சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டது. அவர்களுடைய பைப் எங்கள் பைப்புக்கு மேலே இருந்ததால் எங்கள் தொட்டிக்கு வந்து சேர ஒன்றுமில்லை. பெண்கள் ரோட்டிலிருந்து பிளாஸ்டிக் தோங்கில் தண்ணீர் தூக்கினார்கள். ஒரு நாள் செல்வத்தின் பைப்பை யாரோ பாராங் கத்தியால் வெட்டினார்கள். நான்கு நாள் கழித்து எங்கள் தொட்டியில் கோழி எரு மிதந்தது. இரண்டு தரப்பும் தானா ராத்தா போலீசில் போய் ரிப்போர்ட் செய்தோம். பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்ற லெட்சுமியும் முனியம்மாவும் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

எஸ்டேட் துரை எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார். யாரும் போகவில்லை. பிறகு, யார் சொன்னது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை, மண்டோர் அக்காவைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. அவர் வேலையிலிருந்து நின்று தானா ராத்தாவில் சின்ன வீடெடுத்துத் தனியாக இருந்தார். வந்து பார்த்தார். கோயில் மண்டபம் வேண்டாம், அது லைன்காரர்களுடையது என்றார். காய்கறி கட்டும் கொட்டகையும் வேண்டாம், அது தோட்டக்காரர்களுடையது என்றார். கடைசியில் ரோட்டோரத்தில் இருக்கும் பழைய கொழுந்து நிறுக்கும் கொட்டகையைச் சொன்னார். அங்கே சுவர் கிடையாது. காற்று உள்ளே வந்து எலும்பைத் தொடும். "குளிர்ல மனுசன் நீட்டி முழக்க மாட்டான்" என்றார். உட்காருவதும் லைன்காரர் ஒரு பக்கம், தோட்டக்காரர் ஒரு பக்கம் என்று இல்லை, பழைய நிரைப்படி. கொழுந்து எடுத்தவர்கள் அவரவர் நிரைக்காரியின் பக்கத்தில். எடுக்காதவர்கள் அம்மாவின் இடத்தில் அல்லது பெண்டாட்டியின் இடத்தில். அதனால் லெட்சுமி முனியம்மாவின் பக்கத்தில் போய் உட்கார வேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்துக் கூட்டத்தை உடைக்க இது ஒரு தந்திரம் என்று நான் அப்போதே பக்கத்தில் இருந்தவன் காதில் சொன்னேன்.

முதல் கூட்டத்தில் அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "ஒரு கேள்வி. நீங்க யார் பக்கம்? நேத்து செல்வம் வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சீங்க. பார்த்த ஆளு இருக்கு" என்றேன்.

"குடிச்சேன். அதுக்கு முந்தின நாள் உன் வீட்டுலயும் குடிச்சேன். உன் வீட்டுல சீனி கூட" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "சிரிச்சு மழுப்ப வேணாம்கா. உங்களை எப்படி நம்புறது?"

அவர் கோபப்படவில்லை. "நம்பாத மணியம். நம்பிட்டா அப்புறம் நீ என்னைப் பார்க்க மாட்ட. எனக்கு என்னைப் பார்க்குற ஆளுதான் வேணும். நாற்காலியை எடுத்துட்டு வந்து எனக்கு எதிர்ல போடு. நான் யாரு பக்கமாச்சும் சாய்ஞ்சா கையைத் தூக்கு. கூட்டம் அங்கேயே நிக்கும். நான் தப்பைச் சரி பண்ணினாத்தான் மறுபடி நடக்கும்."

செல்வம் எழுந்தான். "அது எப்படிக்கா? அவரு லைன்காரரு. எங்களுக்கு எதிராதானே கையத் தூக்குவாரு?"

"அவரு உங்களையும் நம்ப மாட்டாரு, லைன்காரங்களையும் நம்ப மாட்டாரு. கட்டின பொண்டாட்டி ஊத்துற டீயையே மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பாரு. லெட்சுமியைக் கேளு. இந்த மலையில இதுக்கு இவரை விட்டா வேற ஆளு இல்லலா."

லெட்சுமி தலையாட்டினாள். அவளும் முனியம்மாவும் சிரித்தார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான். நான் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் எதிரில் போட்டேன். பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

கூட்டத்துக்கு ஒரே சட்டம், நிரைச் சண்டையில் வைத்த அதே சட்டம். ஒருவர் பேசியதும் எதிர்த் தரப்பில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் தலையாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். நீங்கள் நினைப்பதுபோல் இது சுலபம் இல்லை. ரோட்டிலிருந்து தோங் தூக்கித் தோள்பட்டை இறங்கிப்போனதை லெட்சுமி சொன்னாள். அதைச் செல்வம் திருப்பிச் சொல்ல மூன்று முறை ஆயிற்று. முதல் முறை, "தண்ணி தூக்குறது கஷ்டம்னு சொல்றாங்க" என்றான். லெட்சுமி தலையாட்டவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை அவன், "அத்தைக்கு ராத்திரி படுக்கும்போது தோளு வலிக்குதாம், ஆனாலும் காலையில போயிதான் ஆகணுமாம்" என்றான். லெட்சுமி தலையாட்டினாள். யாருடைய பைப் எத்தனை இஞ்ச் என்று இரண்டு பக்கமும் போட்ட சண்டை அன்றோடு நின்றது.

நான் என் வேலையைச் சும்மா செய்யவில்லை. கூட்டம் இல்லாத நாட்களிலும் அக்காவைக் கவனித்தேன். ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு அவர் செல்வத்தின் தோட்டத்துக்கு நடந்து போவதைப் பார்த்தேன். மோட்டார் சைக்கிளைக் கீழேயே விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கூரை போட்ட தக்காளிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். என் வீட்டில் என்னிடம் என்ன கேட்டாரோ அதே கேள்விகளைத்தான் அங்கேயும் கேட்டுக்கொண்டிருந்தார்: எதைக் கண்டு பயம், எது போனால் தாங்க முடியாது, எதிரி சொன்னதில் எது உண்மை. ஒரு சொல் கூடுதல் குறைச்சல் இல்லை. பத்து நிமிடம் ஆகியிருக்கும். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "மணியம், பூட்ஸ் தெரியுது. உள்ள வாலா, டீ ஆறுது." செல்வத்தின் அம்மா முனியம்மா எனக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைத்திருந்தார். மோந்து பார்க்காமல் குடித்தேன்.

கூட்டத்திலும் இரண்டு முறை கையைத் தூக்கினேன். ஒரு முறை செல்வம் பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். நான் கையைத் தூக்கியதும் நிறுத்தி, "தப்பு என்னுது. செல்வம், நீ முடி" என்றார். இன்னொரு முறை, எங்கள் பக்கத்து ஆள் ஒருவரைக் கிண்டல் செய்தார். கை தூக்கினேன். அவரிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். எழுபது வயதுப் பெண் அப்படி எழுந்து நின்றது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் வேறொன்று ஓடியது: இவர் வேண்டுமென்றே சின்னத் தப்புகளைச் செய்து காட்டி, பெரிய தப்பை மறைக்கப் பார்க்கிறாரோ? இரண்டு தரப்புக்காகவும் கை தூக்கியவன் என்று எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள்.

இப்போது கடைசிக் கூட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கெல்லாம் அது ஒப்பந்தம் முடிந்து கைகுலுக்கிய நாள். முதலில் லைன் தொட்டி நிறையட்டும், அதற்குப் பிறகு தோட்டத்துக்குத் திறக்கலாம் என்ற யோசனை வந்திருந்தது. எங்கள் பக்கம் எல்லாருக்கும் சம்மதம். தோட்டக்காரர்களில் பாதிப் பேருக்குக் கீழே வேறு ஊற்று இருந்தது, அவர்களும் சரி என்றார்கள். செல்வம் யோசித்துக்கொண்டிருந்தான். அப்போது முனியம்மா பேசினார். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்காது. ஆனால் நான் எதிரில் இருந்தேன், கேட்டது. "தொட்டி நிறையறதுக்குள்ள பத்து, பதினொன்னு ஆயிடும். வெயில் ஏறினப்புறம் தண்ணி வந்து என்னா பண்றது? மேல் பாத்தி நாத்து கருகிப்போயிடும். அது போச்சுன்னா செல்வத்துக்கு வேற வழி இல்லலா."

சட்டப்படி எங்களில் ஒருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அக்கா யாரையும் கூப்பிடவில்லை. "சரி, அப்ப தொட்டி நிறையட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். செல்வம் அம்மாவைப் பார்த்தான், பிறகு தலையாட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பார்த்தேன். பட்டப்பகலில், நான்கு அடி தூரத்தில், கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். கை மடியிலிருந்து எழும்பியது. அந்த நேரத்தில் எங்கள் தொட்டி நிறைந்து வழிவது என் கண்ணுக்குள் வந்தது. லெட்சுமி இனித் தோங் தூக்க வேண்டாம். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பிறகு எழுந்து நானும் கை தட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. லைனில் தண்ணீர் வருகிறது. சண்டை இல்லை. வேறு எஸ்டேட்டிலிருந்து ஆட்கள் வந்து எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வறட்சியில் செல்வத்தின் மேல் பாத்தி கருகியது. அதற்கடுத்த வறட்சியிலும். அவன் பாத்தியைக் கைவிட்டுவிட்டு, இப்போது கியா பார்ம் சந்தையில் வேறு ஒருவருடைய கடையில் காய்கறி அடுக்குகிறான். தோட்டம் சரியாகப் போகவில்லை, விலை இறங்கிவிட்டது என்று ஊர் பேசியது. நானும் அப்படித்தான் பேசினேன். வழியில் பார்த்தால் "மணியம் மாமா, நல்லாருக்கீங்களா?" என்று கேட்பான். அவனுக்குத் தெரிந்துதான் கேட்கிறானோ என்று ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைத் தேடுவேன். ஒன்றும் இருக்காது.

அக்காவுக்கு மூச்சுத் திணறல் அதிகமானபோது, பத்து மாதத்துக்கு முன்பு, ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவர் காலில் விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் மழை, பேரப்பிள்ளை என்று பேசினோம். பிறகு திடீரென்று, "கடைசிக் கூட்டத்துல முனியம்மா பேசினப்ப உன் கை எழும்பிச்சு" என்றார்.

"எந்தக் கூட்டம்கா?" என்றேன்.

"நடிக்காதலா. ஒரு சாண் எழும்பிச்சு. அப்புறம் உட்கார்ந்துடுச்சு."

எனக்கு முகம் எரிந்தது. "சட்டம் போட்டது நீங்க. அவங்க பேச்சைத் திருப்பிச் சொல்லச் சொல்லாம விட்டது நீங்க. என்னைக் கேக்குறீங்களே. நீங்க ஏன் சாய்ஞ்சீங்க?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "சுமதி வீடு கீழ் வரிசையில. புள்ளைக்கு அப்ப எட்டு மாசம். அன்னைக்குக் காலையில அவ புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, இன்னொரு கையில தோங் தூக்கிட்டு ரோட்டுல நடந்து வந்தா. அதைப் பார்த்துட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தேன். மக இருக்கிற பக்கம் என்னைக்காச்சும் ஒரு நாள் நான் சாய்வேன்னு எனக்கு முதல் நாளே தெரியும் மணியம். அதுக்குத்தானே உன்னை எதிர்ல உட்கார வச்சேன்."

போவதற்கு எழுந்தேன். "மறுபடி கூட்டம் போடணும். என்னால முடியல. நீ போடு" என்றார். "சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். போடவில்லை. பஸ் ஏறும்போதே என் புத்தி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது: சாகப் போகும் நேரத்தில் தன் பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார். வேறு யாரிடமெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறாரோ? சுமதிக்குத் தெரியுமா? பத்து மாதம் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். கூட்டம் போட ஒரு நாள் போதும். யார் பக்கமும் சாயாத மனுஷி என்று ஊரெல்லாம் சொல்லும்போது, தான் சாய்ந்ததை அவர் முதலில் ஒருவரிடம்தான் ஒத்துக்கொண்டார். அந்த ஒருவனும் அவரைச் சந்தேகப்பட்டான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சாவு வீட்டில் மூன்று பேர் பேசினார்கள். மூவரும், "யார் பக்கமும் சாயாதவர்" என்றார்கள். ஒவ்வொரு முறை அந்த வார்த்தை வந்தபோதும் நான் முனியம்மாவைப் பார்த்தேன். அவர் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கலைந்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து மறுபடி மறுபடி சரியாக வைத்துக்கொண்டிருந்தார். செல்வம் பாடைக்குத் தோள் கொடுத்தான். தோள் மாற்ற என்னைக் கூப்பிட்டார்கள். அவன் விட்ட இடத்தில் நான் தோள் கொடுத்தேன்.

சென்ற வாரம் கியா பார்முக்குப் போனேன். செல்வம் கடையில் இருந்தான். முனியம்மா கடைக்குப் பின்னால் வெங்காயத் தாளைச் சுத்தம் செய்து கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். "அக்கா, மூணு வருசத்துக்கு முன்னாடி கூட்டத்துல நீங்க பேசினீங்க. அதை யாரும் திருப்பிச் சொல்லல. நான் சொல்றேன். சரியா இருந்தா தலையாட்டுங்க" என்றேன். அவர் கை நின்றது. தொட்டி நிறையப் பத்து, பதினொன்று ஆவதையும், வெயில் ஏறின பிறகு வரும் தண்ணீரையும், மேல் பாத்தி நாற்றையும், செல்வத்துக்கு வேறு வழி இல்லாததையும் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை என்று எனக்கு நிச்சயம். மூன்று வருடம் அதைத்தானே சுமந்தேன்.

அவர் தலையாட்டவில்லை. "இன்னொன்னு சொன்னேன் தம்பி. அதை விட்டுட்டியே" என்றார்.

"இல்லக்கா, இவ்வளவுதான். நான் எதிர்லதான் இருந்தேன்."

"முதல்ல அதைத்தான் சொன்னேன். லைன்ல புள்ளைங்க இருக்கு, அதுங்க முதல்ல குடிக்கட்டும், நாங்க வேணாங்கல. எங்க நாத்துக்கும் என்னா வழின்னு சேர்ந்து யோசிங்கன்னேன். அப்புறம்தான் மேல் பாத்தியைச் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் சொன்னார்தான். என் காதில் விழுந்ததுதான். எதிரி வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று தள்ளிவிட்டு, எங்களுக்கு ஆபத்தான வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறேன். அந்தப் பெண்மணி எங்கள் பிள்ளைகளுக்கு முதல் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் தன் பிள்ளைக்குக் கேட்டிருக்கிறார். மலையிலேயே கூர்மையான ஆள் என்று பெயர் வாங்கியவன் அதைக் கோட்டைவிட்டிருக்கிறேன். கடைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். முனியம்மா தலையாட்டினார்.

"இதை மண்டோரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாம்லா தம்பி. அவளும் வந்து, தான் மக பக்கம் சாய்ஞ்சதைச் சொன்னா. ஆனா அவ சொன்னது பாதிதான். நீ வந்தா மீதி வரும்னு சொல்லிட்டுப் போனா" என்றார்.

மண்டோர் அக்கா எப்போது வந்தார் என்று கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு, சுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் ஆரஞ்சு கொண்டுபோனதற்கு அடுத்த மாதம் வந்திருக்கிறார். நான் வந்தேனா என்று அதன் பிறகு இரண்டு முறை போன் போட்டுக் கேட்டிருக்கிறார். தன்னை நம்பாதே என்று சொன்னவர், என்னை நம்பிக் காத்திருந்திருக்கிறார்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய நடுநிலையை அல்ல. அது அவரிடமும் முழுசாக இல்லை, அவருக்கே அது தெரியும். தன் பாசம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்துக்குக் காவல் போடுகிற புத்தியை வைத்துக்கொள்கிறேன். நான் வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைச் சந்தேகப்பட்டேன். இனி அதில் பாதியை என்மேலேயே செலவழிக்கலாம் என்றிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பழைய கொழுந்துக் கொட்டகையில் தண்ணீர்க் கூட்டம் மறுபடி நடக்கும். மேல் பாத்திக்கு என்ன வழி என்பதுதான் பேச்சு. லைன்காரர்கள் என்மேல் கோபப்படுவீர்கள், தெரியும், கோபத்தோடு வாருங்கள். முனியம்மா அக்கா முதலில் பேசுவார். லெட்சுமி திருப்பிச் சொல்வாள். கூட்டத்தை நான் நடத்துகிறேன். என் வீடு லைனில் இருக்கிறது, என் குழாயில் தண்ணீர் வருகிறது, அதனால் நான் சாய்வேன். எனக்கு எதிரில் செல்வம் உட்காருகிறான்.